வெள்ளி மினிக்கு எந்த புரோக்கர், எந்த டேட்டா, எந்த சார்ட்? (சேலம் கொலுசுப் பட்டறை)

கொலுசுப்பட்டறை, சேலம்:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்களுக்கு சிவதாபுரம் பக்கம் சின்னக் கொலுசுப் பட்டறை. அப்பா முப்பது வருஷமா நடத்துறார். நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஓசூர்ல ஒரு கம்பெனியில இருந்தேன். 2024 பொங்கலுக்கு அப்புறம் வேலைய விட்டுட்டுப் பட்டறைக்கே வந்துட்டேன். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். செவ்வாய்ப்பேட்டையில கட்டி வாங்கி, உருக்கி, கம்பி இழுத்து, ஒட்டி, மணி கோத்து, மெருகு போட்டுக் கடைக்கு அனுப்பறதுக்குள்ள இருபது நாள் ஓடிடும். அந்த இருபது நாள்ல வெள்ளி எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?

நான் வந்த வருஷமே அடி விழுந்துச்சு. 2024 ஜூலை 23, பட்ஜெட் நாள். முந்தின வாரம்தான் கட்டி எடுத்திருந்தோம். இறக்குமதி வரிய 15 சதவீதத்துல இருந்து 6 ஆக்குறோம்னு நிதியமைச்சர் சொன்னார். மெருகு போடுற அண்ணன் போன்ல நியூஸ் ஓடிட்டு இருந்துச்சு. அப்பா கையில வெச்சிருந்த டீய அப்படியே பெஞ்சு மேல வெச்சார். அன்னைக்கு மட்டும் கிலோவுக்கு நாலாயிரத்துக்கு மேல இறங்கிடுச்சு, அடுத்த நாட்கள்லயும் இறக்கம்தான். பட்டறையில அப்ப 18 கிலோ சரக்கு கிடந்துச்சு. 72 ஆயிரம் போச்சுன்னு நான் கணக்குப் போட்டேன். அப்பா ஒன்னும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் எம்சிஎக்ஸ் (தங்கம், வெள்ளி மாதிரி சரக்குகளுக்கான எக்ஸ்சேஞ்ச்) பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அங்க ஓடுற 5 கிலோ வெள்ளிக் காண்ட்ராக்ட்தான் மினி. கட்டி வாங்குற அன்னைக்கே அதே அளவு வெள்ளிய ஃபியூச்சர்ஸ்ல (பின்னாடி ஒரு தேதிக்கு இன்னைக்கே விலை பேசுற ஒப்பந்தம்) வித்து வெச்சா, இறங்கினாலும் அங்க வர்ற லாபம் இங்க வர்ற நஷ்டத்த ஈடு கட்டிடும். ஹெட்ஜிங். இது வரைக்கும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. புரியாதது மூணு:

புரோக்கர். எங்க ஏரியாவுல ஒரு சப்-புரோக்கர் ஆபீஸ் இருக்கு. 0.03 சதவீதம் கமிஷன் கேக்குறாங்க, ஆனா போன் பண்ணினா எடுப்பாங்க. மொபைல் ஆப் புரோக்கர்னா ஆர்டருக்கு 20 ரூபாய். எதுல போறது?

டேட்டா. ஆமிபுரோக்கர்ங்கற சார்ட் மென்பொருளும், காசு கட்டி வாங்குற டேட்டா ஃபீடும் (நேரடியா வர்ற விலை) இல்லாம இறங்காதேங்குறான் கூடப் படிச்ச பையன். மாசம் ஆயிரக்கணக்குல செலவு வரும்போல. எங்க கிட்ட இருக்கறதோ நாலு ஜிபி ரேம் போட்ட பழைய லேப்டாப்.

சார்ட். இப்போதைக்கு டிரேடிங்வியூங்கற சார்ட் தளத்துல ஓசியில வெள்ளி டாலர் சார்ட்தான் பாக்குறேன். அது போதுமா?

பகல்ல பட்டறை. ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் உக்காரவே முடியும். இன்னொன்னையும் மறைக்காம சொல்லிடுறேன், ஹெட்ஜ் போக அப்பப்ப ரெண்டு டிரேடும் போட்டுப் பாக்கலாம்னு கை அரிக்குது.

---

வெள்ளிமலை:

வெள்ளி எல்லாம் வாங்கி உள்ள வெச்சாப் போதும் தம்பி. இன்னைக்கு இறங்கும், நாளைக்கு ஏறும். தேவையில்லாத ஆணி.

---

பிப்ஸ்ராஜா:

எம்சிஎக்ஸ் எல்லாம் மார்ஜின் (கட்டி வெக்கிற முன்பணம்) ஜாஸ்தி. வெளிநாட்டு புரோக்கர் ஆப் நிறைய இருக்கு, 1:500 லெவரேஜ் (போட்ட பணத்துக்கு 500 மடங்கு வியாபாரம்), அதே வெள்ளி டாலர் சார்ட், சிடிடி (சரக்கு வியாபார வரி) கிடையாது, 24 மணி நேரமும் ஓடும். பத்தாயிரம் போட்டாப் போதும். லிங்க் வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க.

---

ஏஎஃப்எல்_கோவை:

பட்டறை நண்பரே, மேல இருக்கற லிங்க்க மட்டும் தொட்டுடாதீங்க. இங்க அனுமதி இல்லாம நடக்குற அந்நியச் செலாவணி ஆப்களப் பட்டியல் போட்டு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லேயே எச்சரிச்சுது. பணம் மாட்டிக்கிட்டா சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிகிட்டயும் போக முடியாது, எம்சிஎக்ஸ்கிட்டயும் போக முடியாது. எக்ஸ்சேஞ்சுக்கு வெளிய உள்ளூர்ல சீட்டு எழுதி நடத்துற டப்பா டிரேடிங்கும் அதே கதைதான். வெள்ளிக் கடைத் தெருவுல இருக்கற உங்களுக்கு அதைப் பத்தி நான் சொல்லணுமா?

அது போக, உங்க தேவைக்கு அந்த வெள்ளி டாலர் சார்ட்டே ஆகாது. ஏன்னு உங்க கதையில இருந்தே எடுக்கலாம். ஜூலை 23 அன்னைக்கு அந்த சார்ட்டத் திறந்து பாருங்க, பெருசா ஒன்னும் நடந்திருக்காது. விழுந்தது நம்ம ஊர் விலை, காரணம் நம்ம ஊர் வரி. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் அதுல என்ன வந்துச்சு? எம்சிஎக்ஸ் விலையில டாலர் வெள்ளி, ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி மூணும் சேர்ந்து உக்காந்திருக்கு. கணக்கு எளிசுதான். ஒரு கிலோங்கறது 32.15 டிராய் அவுன்ஸ். அவுன்ஸ் 30 டாலர், டாலர் 85 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 81,982 ரூபாய். 6 சதவீத வரி சேர்த்தா 86,901. அதுவே 15 சதவீதம்னா 94,280. டாலர் சார்ட்ட மட்டும் பாக்குறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுலயே படாது. அந்த ஆப்ல வித்து வெச்சிருந்தாலும் அன்னைக்கு உங்களுக்கு ஒரு பைசா காப்பு கிடைச்சிருக்காது. சார்ட் பாக்குறதா இருந்தா எம்சிஎக்ஸ் சில்வர் மினியோட சார்ட்டப் பாருங்க. எந்த புரோக்கர் ஆப்லயும் இருக்கு, காசு இல்ல.

இனி டேட்டா. நான் ஒன்பது வருஷமா ஆமிபுரோக்கர் வெச்சிருக்கேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச மென்பொருள். மாசச் சந்தா கிடையாது, ஒரு தடவை டாலர்ல கட்டினா முடிஞ்சுது. விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஏஎஃப்எல்னு அதுக்குன்னே ஒரு மொழி, பத்து வருஷ டேட்டாவ நாலு நொடியில ஓட்டிக் காட்டிடும். ஆனா அது வெறும் இயந்திரம், விலை எதுவும் அதுக்குள்ள கிடையாது. டேட்டாவ வெளிய இருந்து ஊத்தணும். ட்ரூடேட்டா, குளோபல் டேட்டாஃபீட்ஸ் மாதிரி அனுமதி வாங்கின விற்பனையாளர்கள் கிட்ட எம்சிஎக்ஸுக்குத் தனி, பங்குச் சந்தையான என்எஸ்இக்குத் தனின்னு காசு கட்டி வாங்கணும். அதுக்கு மலைச்சுப் போய் நான் ஒரு காலத்துல டெலிகிராம்ல மாசம் 700 ரூபாய்க்கு ஒருத்தர்கிட்ட ஃபீட் வாங்கினேன். யாரோட டெர்மினல்ல இருந்தோ உருவி நூறு பேருக்குப் பிரிச்சு விக்கிற சமாச்சாரம்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதும் பொய்தான், கேக்காம இருந்துட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அமெரிக்க வேலைவாய்ப்பு எண்ணிக்கை வர்ற நாள். கோடைக் கணக்குல நமக்கு ஆறு மணிக்கு வரும். சில்வர் மினி ஒரு லாட் வித்து வெச்சிருந்தேன். 5:58க்கு சார்ட் நின்னுடுச்சு. நின்னதுன்னு எனக்குத் தெரியல, சந்தை மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு நினைச்சேன். கீழ் மூலையில இணைப்பு இருக்குன்னு காட்டுற பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. 6:09க்கு என்னமோ தோணிப் போன்ல புரோக்கர் ஆப்பத் திறந்தா, எனக்கு எதிரா கிலோவுக்கு 900 ரூபாய் ஏறியிருந்துச்சு. மினிங்கறது 5 கிலோ, ஆக 4,500 ரூபாய். மாசம் எழுநூறு ரூபாய் ஃபீட் அந்தப் பதினோரு நிமிஷத்துல ஆறு மாசச் சந்தாவ வசூல் பண்ணிடுச்சு.

இன்னொன்னு. புரோக்கர் ஆப்ல வர்ற விலை ஒவ்வொரு வியாபாரத்தையும் காட்டாது. நொடிக்கு ஒன்னு ரெண்டு தடவை அந்த நேரத்து நிலவரத்த எடுத்து அனுப்பும், நடுவுல நடந்தது விட்டுப் போயிடும். அதனால ரெண்டு ஆப்பப் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரு நிமிஷ மெழுகுவர்த்தி (அந்த நிமிஷத்து விலை உச்சம், தாழ்வு காட்டுற கட்டம்) ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. நேத்துக்கூட 7:02 மெழுகுவர்த்தியோட உச்சம் ஒன்னுல 38 ரூபாய் அதிகமா இருந்துச்சு. ஒரு நிமிஷ சார்ட்ல பத்து ரூபாய்க்கு அடிக்கிறவனுக்கு இது வாழ்வா சாவா. இருபது நாளைக்கு ஹெட்ஜ் போடுற உங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. நாள் உச்சமும் நாள் தாழ்வும் எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும், அது எல்லா இடத்துலயும் ஒன்னாத்தான் இருக்கும்.

எனவே ஃபீடும் வேணாம், ஆமிபுரோக்கரும் வேணாம். ஆமிபுரோக்கர் வேணாம்னு நானே எழுதுற நாள் வரும்னு நினைக்கல.

---

பழைய_டெர்மினல், மதுரை:

தம்பி, நான் பத்து வருஷத்துக்கு மேல ஒரு புரோக்கிங் கம்பெனி கிளையில டீலரா இருந்தவன். 2021ல வெளிய வந்துட்டேன். புரோக்கர் விஷயம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி.

18 கிலோன்னு சொல்றீங்களே, அது சரக்கு எடையா, சுத்த எடையா? எம்சிஎக்ஸ்ல ஓடுறது 999 வெள்ளி. உங்க கொலுசு எத்தனை டச் (நூத்துக்கு எவ்வளவு சுத்தம்)? 80 டச்னா 18 கிலோ சரக்குல இருக்கற சுத்த வெள்ளி 14.4 கிலோதான். அதுலயும் எவ்வளவு உங்க வெள்ளி? சேலத்துல கடைக்காரங்களே கட்டி குடுத்துக் கூலிக்குச் செஞ்சு வாங்கிக்கிறது உண்டே. அந்த வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அது அவங்க பாடு. அதுக்கும் சேர்த்து நீங்க ஃபியூச்சர்ஸ்ல வித்து வெச்சா அது ஹெட்ஜ் இல்ல தம்பி, சூதாட்டம். அப்பாகிட்டக் கேட்டு எழுதுங்க. மத்தத அப்புறம் பேசலாம்.

---

கொலுசுப்பட்டறை, சேலம்:

ஐயா, நேத்து ராத்திரி சாப்பிடறப்ப அப்பாகிட்டக் கேட்டேன். தட்டுல இருந்து தலைய நிமித்தி, "இதக் கேக்க உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சா"ன்னார்.

உள்ள போய் அந்தச் சிவப்பு அட்டை நோட்ட எடுத்துட்டு வந்தார். ஒவ்வொரு வரியிலயும் மூணு எண். சரக்கு எடை, டச், சுத்தம். ஓரத்துல "கூ"ன்னு போட்டிருந்தா கூலிக்கு வந்த வெள்ளி. இத்தனை நாளா அது ஏதோ கூட்டல் குறின்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். பட்ஜெட் நாள் பக்கத்த எடுத்துக் காட்டினார். 18 கிலோ, 80 டச், சுத்தம் 14.4. அதுல "கூ" 6 கிலோ. எங்களது 8.4 கிலோதான். ஆக அன்னைக்குப் போனது 72 ஆயிரம் இல்ல, 34 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர் ஒன்னும் சொல்லாம இருந்ததுக்குக் காரணம் இப்பதான் தெரியுது.

நான் 18 கிலோவுக்கு ஹெட்ஜ் போட்டிருந்தா?

---

பழைய_டெர்மினல், மதுரை:

பத்து கிலோ சும்மா வித்த மாதிரி ஆகியிருக்கும். அன்னைக்கு லாபம் வந்திருக்கும், அதுதான் ஆபத்தே. லாபம் வந்த தப்ப யாரும் திருத்திக்கிறதில்ல.

சரி, உங்களுக்கு ஒரு மினி, மூணு மைக்ரோ. மினி 5 கிலோ, மைக்ரோ ஒரு கிலோ, ஆக 8. பெரிய சில்வர் 30 கிலோ, அந்தப் பக்கம் போகாதீங்க. 0.4 கிலோ திறந்து கிடக்கும், கிடக்கட்டும்.

இப்ப புரோக்கர். எல்லாரும் கமிஷனப் பாக்குறாங்க. நான் பாக்கச் சொல்றது ராத்திரி பத்து மணிக்கு அந்த புரோக்கர் எப்படி நடந்துக்கிறார்ங்கறத. எம்சிஎக்ஸ்ல வெள்ளி காலையில 9 மணிக்குத் திறந்து ராத்திரி 11:30 வரைக்கும் ஓடும், அமெரிக்காவுல குளிர்கால நேரம் வந்துட்டா 11:55. பெரிய ஆட்டமெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்புறம்தான். பல புரோக்கர்களோட உதவி எண் ஆறு மணியோட தூங்கிடும்.

ஹெட்ஜ்ல யாரும் சொல்லித் தராத வலி ஒன்னு இருக்கு. நீங்க வித்து வெச்சிருக்கீங்க, வெள்ளி ஏறுதுன்னு வைங்க. பட்டறையில இருக்கற சரக்கு மதிப்பும் ஏறுது, கணக்கு சமம்தான். ஆனா சரக்கு லாபம் கொலுசு வித்தாத்தான் கையில வரும். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்த எம்டிஎம்னு சொல்லி அன்னன்னைக்கே ரொக்கமா எடுத்துடுவாங்க. கிலோவுக்குப் பத்தாயிரம் ஏறினா உங்க 8 கிலோவுக்கு 80 ஆயிரம் கணக்குல இருந்து போயிடும். போடப் பணம் இல்லன்னா புரோக்கர்கிட்ட ரிஸ்க் பாக்குற ஆர்எம்எஸ்காரன் உங்க பொசிஷன அறுத்து (கட்டாயமா மூடி) விட்டுடுவான். அறுத்த மறுநாளே வெள்ளி இறங்கும். இது சாபம் மாதிரி, நான் நிறையப் பாத்துட்டேன். 2011 ஏப்ரல் 25 அன்னைக்கு வெள்ளி 73,600 வரைக்கும் போச்சு. அந்த வாரம் வித்து வெச்சிருந்த ஒரு நகைக்கடைக்காரரு பணம் கட்ட முடியாம உச்சத்துல அறுபட்டார். மே முதல் வாரத்துல வெள்ளி சடசடன்னு சரிஞ்சப்ப அவரு கையில சரக்கு மட்டும் இருந்துச்சு, ஹெட்ஜ் இல்ல. ரெண்டு பக்கமும் அடி. அறுத்தது நான்தான், மேலிடத்து உத்தரவு. அவரு மகளுக்கு அந்த மாசம் கல்யாணம், பத்திரிகை வெச்சாரு, நான் போகல.

அதனால மார்ஜின் போக இன்னும் ஒரு பங்கு ரொக்கம் தனியா வெச்சுக்கங்க. மார்ஜின் பத்து சதவீதம்னு ஆரம்பிச்சாலும், வெள்ளி துள்ளுற நாள்ல எக்ஸ்சேஞ்ச் ஏத்திக்கிட்டே போகும்.

புரோக்கர்கிட்டக் கேக்க வேண்டியது: ராத்திரி ஒன்பதரைக்கு யுபிஐயில பணம் போட்டா எத்தனை நிமிஷத்துல மார்ஜின்ல ஏறும்? பற்றாக்குறை வந்தா முதல்ல போன் வருமா, நேரா அறுப்பாங்களா? ஆப் படுத்துட்டா போன்ல ஆர்டர் போட எண் உண்டா, அதுக்கு எவ்வளவு பிடிப்பாங்க? டெலிவரி காலத்துக்கு (காண்ட்ராக்ட் முடியறப்ப வெள்ளியாவே குடுத்து வாங்குற நாட்கள்) எத்தனை நாள் முன்னாடி பொசிஷன மூடுவாங்க? வாய்ல சொல்றத நம்பாதீங்க, செஞ்சு பாருங்க. எம்சிஎக்ஸ் உறுப்பினரா, செபி பதிவு எண் இருக்கான்னு அந்தத் தளங்கள்லயே பாத்துக்கங்க. பணம் கம்பெனி கணக்குக்கு மட்டும் போகணும், தனி ஆள் ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது.

அப்புறம் அந்தக் கை அரிப்பு. செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுது, பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன் பத்தி. மூணு வருஷத்துல தனிநபர்கள்ல நூத்துக்கு 93 பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அந்த 93 பேர்ல பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியும்போல இருக்கு. ஹெட்ஜுக்கு ஒரு கணக்கு, சொறியறதுக்கு வேணும்னா வேற புரோக்கர்கிட்ட இன்னொரு கணக்கு. ஒன்னா வெச்சா ரெண்டும் கெட்டுப் போகும்.

---

ஏஎஃப்எல்_கோவை:

கமிஷன் கணக்க நான் போட்டுட்டேன், எனக்கு இதுல ஒரு சுகம். வெள்ளி கிலோ ஒரு லட்சம்னு வெச்சுக்குவோம்.

மினி ஒன்னு, 5 லட்சம் மதிப்பு, வித்துத் திரும்ப வாங்குறது வரைக்கும்: சிடிடி விக்கிற பக்கம் மட்டும் 0.01 சதவீதம், 50 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்கு 2.10, ரெண்டு பக்கமும் சேர்த்து 21. முத்திரை வரி வாங்குற பக்கம் 10. செபி கட்டணம் 1. புரோக்கரேஜ் இருபதும் இருபதும் நாப்பது. ஜிஎஸ்டி 11. மொத்தம் 133. அதே மினிக்கு 0.03 சதவீத சப்-புரோக்கர்னா புரோக்கரேஜ் மட்டுமே 300, ஜிஎஸ்டி 58, மொத்தம் 440.

மைக்ரோ மூணையும் ஒரே ஆர்டராப் போடுங்க. இருபது ரூபாய்ங்கறது ஆர்டருக்கு, லாட்டுக்கு இல்ல. தனித்தனியாப் போட்டா மூணு இருபது. ஒரே ஆர்டர்னா மூணுக்கும் சேர்த்து 99. சப்-புரோக்கர்கிட்ட 264.

ஆக 8 கிலோவுக்கு 232 ரூபாய், அல்லது 704 ரூபாய். கிலோவுக்கு 29, அல்லது 88.

ஒரு சார்ட் விஷயம் விட்டுப் போச்சு. மினியும் மைக்ரோவும் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், நவம்பர் மாசங்கள்ல முடியும். தொடர் சார்ட்னு ஒன்னு காட்டுவாங்க, ஒரு மாசக் காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அடுத்தத ஒட்டி விடுறது. தூர மாச விலை பொதுவாக் கூட இருக்கும்ங்கறதால, ஒட்டுற இடத்துல திடீர்னு ஆயிரத்துக்கு மேல ஏறின மாதிரி தெரியும். ஒருத்தரும் அந்த விலையில வாங்கியிருக்க மாட்டாங்க. நான் முதன்முதலா எழுதின சிஸ்டம் பேக்டெஸ்ட்ல (பழைய விலையில ஓட்டிப் பாக்குறது) வருஷத்துக்கு 60 சதவீதம் லாபம் காட்டுச்சு. அதுல பெரும்பகுதி இந்த ஒட்டுத் தையல்தான். வீட்ல எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்த பிறகுதான் கண்டுபிடிச்சேன்.

---

கொலுசுப்பட்டறை, சேலம்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ஆடர் நெருக்கடி.

ஐயா சொன்ன மாதிரியே செஞ்சு பாத்தேன். ரெண்டு ஆப் புரோக்கர்கிட்ட கணக்குத் திறந்தேன். சப்-புரோக்கர்கிட்ட திறக்காமலே கேள்வி மட்டும் கேட்டேன். ஒரு வியாழக்கிழமை ராத்திரி 9:40, மாடியில உக்காந்துக்கிட்டு வரிசையா.

முதல் ஆப்: உதவி எண்ல பாட்டு ஓடுச்சு, 22 நிமிஷம். அப்புறம் தானா கட் ஆயிடுச்சு. யுபிஐயில 500 ரூபாய் போட்டேன், உடனே ஏறிடுச்சு.

ரெண்டாவது ஆப்: நாலு நிமிஷத்துல ஒரு பொண்ணு எடுத்துச்சு, தமிழ்லயே பேசுச்சு. டெலிவரி காலம் பத்திக் கேட்டதுக்கு இருங்க சார்னு விசாரிச்சுட்டு வந்து, இத்தனாவது தேதிக்குள்ள நீங்களே மூடலன்னா நாங்க மூடுவோம்னு தேதியோட சொல்லுச்சு. போன்ல ஆர்டர் போட்டா தனிக் கட்டணம் உண்டாம். 500 ரூபாய் ஏற ஒரு நிமிஷம் கூட ஆகல.

சப்-புரோக்கர்: அண்ணன் செல்லுக்குப் போட்டேன். எடுத்தாரு. பின்னால கல்யாண மண்டபச் சத்தம். "காலைல ஆபீசுக்கு வாப்பா, பேசிக்கலாம்"னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. போன் எடுப்பாங்கன்னுதானே அவர யோசிச்சேன்? எடுக்கத்தான் செஞ்சாரு.

ரெண்டாவதுலயே போயிட்டேன்.

போன வாரம், ஏற்கனவே எடுத்து வேலை முடியப் போற ஒரு கட்டிக்கு ஒரே ஒரு மைக்ரோ மட்டும் வித்துப் பாத்தேன், பழகறதுக்காக. மொத்தம் எட்டு கிலோவுக்கும் போட இன்னும் தைரியம் வரல. மூணு நாள்ல 1,140 ரூபாய் எனக்கு எதிரா ஏறுச்சு. அந்த ஒரு கிலோ சுத்த வெள்ளிக்கான கொலுசு வெளிய போன அன்னைக்கு ஃபியூச்சர்ஸையும் வாங்கி மூடிட்டேன். கடைக்காரர் குடுத்த விலையில அந்த ஏத்தம் கிட்டத்தட்ட வந்துடுச்சு, 90 ரூபாய் குறைஞ்சுது. எம்சிஎக்ஸ் வெள்ளி விலை அகமதாபாத் விலை, சேலத்து விலை அதோட ஒரே அளவுல நகராதுன்னு நினைக்கிறேன். சரியாங்க?

அப்பாகிட்டக் கணக்கு காட்டினேன். ஆப்ல சிவப்பா 1,140ன்னு இருக்கறத மட்டும் ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் நோட்டுல அந்தக் கட்டி வரியிலயே நாலாவதா ஒரு கட்டம் கோடு போட்டு, மேல "மேலே வித்தது"ன்னு எழுதிக்கிட்டார். மேலேன்னா மாடியாம், நான் அங்க உக்காந்து போடறதால.

ஒரு சந்தேகம். கட்டி மாசக் கடைசியில எடுக்கறோம், கொலுசு அடுத்த மாசம்தான் போகும். காண்ட்ராக்ட் நடுவுல முடிஞ்சுட்டா?

---

பழைய_டெர்மினல், மதுரை:

அகமதாபாத் சரிதான். அந்த 90 ரூபாய் மாதிரி வித்தியாசம் வந்துக்கிட்டேதான் இருக்கும், அத எந்த புரோக்கராலயும் சரி பண்ண முடியாது.

முடியற மாசத்துக் காண்ட்ராக்ட்ல புதுசா விக்காதீங்க. ஆகஸ்ட் கடைசியில கட்டி எடுத்தா நவம்பர் காண்ட்ராக்ட்ல போடுங்க. ஏற்கனவே ஆகஸ்ட்ல இருக்கறத 20ஆம் தேதி வாக்குல மூடிட்டு நவம்பர்ல விக்கணும், ஒரே நேரத்துல ரெண்டு ஆர்டரும். கடைசி சில நாள் டெண்டர் காலம் (மேல சொன்ன டெலிவரி காலம்தான்), மார்ஜின் ஏறும், ஆளும் குறைஞ்சுடுவாங்க, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல லாரி போற அளவு இடைவெளி இருக்கும். அந்தப் பொண்ணு சொன்ன தேதிய அப்பா நோட்டு அட்டையிலேயே எழுதி வெச்சுடுங்க.

---

கொலுசுப்பட்டறை, சேலம்:

எழுதிட்டேன் ஐயா. அட்டையில ஏற்கனவே ஒரு தேதி இருந்துச்சு, 23.7.24ன்னு. அதுக்குக் கீழ எழுதியிருக்கேன்.

கோவை அண்ணே, அந்த நாலு ஜிபி லேப்டாப்ல ஆமிபுரோக்கர் ஓடுமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

---

ஏஎஃப்எல்_கோவை:

ஓடும். சொல்ல மாட்டேன்னு நினைச்சேன், ஓடும்.